விற்ற கணக்கு

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

அண்ணன் போய் ஏழு மாதம் ஆன பிறகு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். போன் செய்யலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். என் போனில் உங்கள் எண்ணுக்கு மேலேயே அண்ணனின் எண் இருக்கிறது. விரல் அதைத் தாண்டிக் கீழே போக மறுக்கிறது. அதனால்தான் தாள், பேனா.

அன்று கூடத்தில், அத்தனை பேர் முன்னால், உங்களைப் பார்த்து நான் சொன்னதைப் பற்றித்தான் முதலில் எழுத நினைத்தேன். எழுதுவதும் கிழிப்பதுமாக ஒரு வாரம் போனது. அதை அப்புறம் எழுதுகிறேன். இப்போது ஒரு உதவி கேட்க வேண்டியிருக்கிறது.

நான் ஆரம்பப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருப்பது உங்களுக்குத் தெரியும். நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் போன வாரம் கூப்பிட்டு, "நிரந்தர இடம் ஒண்ணு காலியாகுது. உங்களுக்குத் தரலாம்னு இருக்கேன். மார்ச் கடைசிக்குள்ள எழுத்துல குடுங்க. இழுத்தடிச்சா நான் வேற ஆள் பார்த்துடுவேன்" என்றார். அதே வாரம் என் பழைய கடையின் கட்டட முதலாளியும் வழியில் நிறுத்தினார். "உங்க இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. சுவத்துல உங்க மெழுகு வாசனை போகவே மாட்டேங்குது. அதை மோந்துட்டே ரெண்டு பேர் வேணாம்னு போயிட்டாங்க. பேசாம நீங்களே திரும்ப எடுத்துக்கங்க" என்றார்.

இரண்டு நாட்களாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ யோசிப்பதை இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் மெழுகுவத்திக் கடை நான்தான் நடத்தினேன், கடைசி மூன்று வருடம் லாபத்தில் நடத்தினேன் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போன பிறகு நானாகச் செய்து, நன்றாக வந்த காரியம் அது ஒன்றுதான். அண்ணன் படுத்துவிட்டதால் பெட்டிகளைக் கொண்டுபோக ஆள் இல்லாமல் மூடினேனே தவிர, வியாபாரம் இல்லாமல் மூடவில்லை.

நான் கேட்கும் உதவி இதுதான். என் பெரிய வாடிக்கையாளர் ஓட்டல்காரர்தான். மாதாமாதம் நெட்டை மெழுகுவத்தி எட்டுப் பெட்டி வாங்குவார். அண்ணன்தான் வேனில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கி வருவார். நான் அந்த ஆளைப் பார்த்ததில்லை. கேட்டால், "அவன் புது ஆளுங்ககிட்ட மூஞ்சி குடுத்துப் பேசமாட்டான் பாப்பா, நீ விடு" என்பார். அண்ணனின் சாமான்களில் அவருடைய விலாசமோ எண்ணோ இருந்தால் அனுப்புங்கள். அவர் மறுபடி வாங்குவார் என்றால் கடையைத் தைரியமாக எடுப்பேன்.

பாப்பா

பிப்ரவரி 12

பாப்பாவுக்கு,

கடிதம் வந்தது. உறையின் மேல் உன் எழுத்தைப் பார்த்ததும் பத்திரிகை ஏதோ வந்திருக்கிறது, யாருக்கோ கல்யாணம் என்று நினைத்தேன். அந்த எழுத்தில் வேறு எதுவும் இந்த வீட்டுக்கு வந்ததில்லை.

ஓட்டல்காரரை எனக்குத் தெரியாது. உன் அண்ணன் அவர் பேரை என்னிடம் எடுத்ததே இல்லை. உன் அண்ணனின் போனை என் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டேன். சட்டைப்பைகளில் பெட்ரோல் சீட்டுகள்தான் இருந்தன. நான் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக்குப் போகிறேன். பரண் மட்டும் பாக்கி. எனக்கு ஏணி ஆகாது என்று உனக்குத் தெரியும். ஆள் பிடித்து இறக்கும்போது ஏதாவது அகப்பட்டால் சொல்கிறேன்.

நான் அதே சலவைப் பிரிவில்தான் இருக்கிறேன். இப்போது மேற்பார்வை. காலையில் வார்டுகளிலிருந்து விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும், சாயங்காலம் வெள்ளையாகத் திரும்பப் போகும். எந்த விரிப்பில் யார் படுத்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

அன்று நீ சொன்னதை நீ எழுதாவிட்டால் பரவாயில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. "எங்கண்ணன் இங்க கிடக்கார், நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே" என்றாய். நான் கல் மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன். காரணம் இருந்தது. அது உனக்கு வேண்டாம்.

நிரந்தர வேலை கிடைத்தால் எடுத்துக்கொள்.

அண்ணி

பிப்ரவரி 24

அண்ணி,

நீங்கள் பதில் போட்டதே போதும்.

உங்களிடம் சொல்ல ஒரு கூத்து இருக்கிறது. அண்ணன் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

கணக்குப் பாடத்தில் லாபம் நட்டம் வந்தது. புத்தகத்தில் ஒரு வியாபாரி பேனாவை வாங்கி விற்கிறான். பிள்ளைகள் "ஏன் டீச்சர் அவன் எப்பப் பார்த்தாலும் பேனாவே விக்கிறான்?" என்று கேட்டார்கள். சரி, நாமே ஒரு கடை போடலாம் என்றேன். பெற்றோர் வரும் சனிக்கிழமையாகப் பார்த்து எலுமிச்சை ஜூஸ் கடை போட்டோம். வாங்கிய எலுமிச்சை, சர்க்கரை, காகிதக் கோப்பை எல்லாம் சேர்த்து அடக்கம் இருநூற்று நாற்பது. அறுபது கோப்பை. ஒன்று ஆறுக்கு விற்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். பத்துக்கு விற்கவேண்டும் என்று ஒரு கோஷ்டி சண்டை போட்டது. "பத்துக்கு எங்கம்மாவே வாங்கமாட்டாங்க" என்று ஒருத்தி சொன்னதும் அடங்கிவிட்டது.

அந்த ஒருத்திக்கு நாங்கள் ஆசிரியர் அறையில் வைத்த பெயர் குட்டி வக்கீல். இரட்டைப் பின்னல், ஒரு பல் இல்லை. எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டாள். "டீச்சர், நாங்க புழிஞ்சோமே, எங்க கைக்குக் கூலி அடக்கத்துல வராதா?" என்று கடை திறப்பதற்கு முன்பே கேட்டாள். இந்தத் தடவை வராது என்றேன். "அப்ப எந்தத் தடவை வரும்?" என்றாள். எலுமிச்சையைக் கழுவு போ என்று அனுப்பிவிட்டேன்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் போனது. பிறகு வெயில் ஏறியது, ஜூஸ் சூடாகிவிட்டது, யாரும் வரவில்லை. இருபத்தைந்து கோப்பை மீதி. பிள்ளைகள் முகம் தொங்கிவிட்டது. அப்போது குட்டி வக்கீலின் அப்பா வந்து, "மிச்சம் எல்லாத்தையும் எனக்கே ஊத்திக் குடுங்கப்பா, தாகம்" என்று மொத்தத்துக்கும் காசு கொடுத்துவிட்டு ஒரு வாளியில் வாங்கிப் போனார். பிள்ளைகள் குதித்த குதியில் மேசை ஆடிவிட்டது.

திங்கட்கிழமை கரும்பலகையில் போட்டேன். விற்றது முந்நூற்று அறுபது, அடக்கம் போக லாபம் நூற்று இருபது. எல்லாரும் கைதட்டினார்கள். குட்டி வக்கீல் மட்டும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், எங்கப்பா அதைக் குடிக்கல. கேட்டுக்குப் பின்னாடி மரத்துக்கு ஊத்திட்டார். நான் பார்த்தேன். அது வித்த கணக்கா?"

"காசு வந்துச்சுல்லம்மா? வித்த கணக்குதான்" என்றேன்.

"எங்கப்பா காசை எடுத்துட்டா முப்பது நட்டம் வருது."

"அதான் எடுக்கலையே" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். ஆனால் நோட்டில் எழுதவில்லை.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ரொம்ப நாள் கழித்து எதையோ வேடிக்கை என்று உணர்ந்தேன். பாடம் நடத்தும்போது கை தானாக ஓடியது, அண்ணி. அடக்கம், கழிவு, வாடகையைப் பெட்டிக்கு இவ்வளவு என்று பிரிப்பது எல்லாம் நான் நிஜமாகச் செய்த வேலை. அந்த மூன்று வருடக் கணக்கை ஒரு காசு பிசகாமல் இப்போதும் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் நான் ஒரு டீச்சர் மாதிரி நடிக்கிறேன். கடையில் நடிக்கவில்லை. அதனால் கடையையே எடுக்கலாம் என்று மனம் சாய்கிறது. கட்டட முதலாளி மார்ச் இருபதாம் தேதி முன்பணம் கேட்கிறார். கையில் இருக்கும் எல்லாவற்றையும் போட்டால் சரியாக வரும்.

ஓட்டல்காரர் விஷயம் ஏதாவது தெரிந்ததா?

பாப்பா

மார்ச் 3

பாப்பாவுக்கு,

முன்பணம் கொடுக்காதே.

அந்த ஓட்டலை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆள் ஊரைவிட்டே போய்விட்டாராம்.

பரணை இறக்கியாகிவிட்டது. விலாசம் எதுவும் இல்லை.

அந்தப் பெண் குழந்தை கேட்டது சரியான கேள்வி. நீ சிரித்திருக்கக் கூடாது.

அண்ணி

மார்ச் 9

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நாலு வரியில் அவ்வளவு படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள்.

போன மாதம் ஓட்டல்காரரை உங்களுக்குத் தெரியாது. அண்ணன் பேரையே எடுத்ததில்லை என்று எழுதினீர்கள். இப்போது ஓட்டல் மூடியதும் தெரிகிறது, அவர் ஊரைவிட்டுப் போனதும் தெரிகிறது. யார் சொன்னார்கள்? எந்த ஓட்டல்? எந்தத் தெரு? மூடிய ஓட்டலுக்குப் பெயர்ப் பலகையாவது இருந்திருக்குமே.

நான் சொல்லிவிடுகிறேன். நான் கடை வைத்தது உங்களுக்கு என்றைக்குமே பிடிக்கவில்லை. அண்ணன் பெட்டி எடுக்க வரும்போது ஒரு நாளாவது நீங்கள் கூட வந்ததுண்டா? கடை எப்படிப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டதுண்டா? நான் கொடுத்த மெழுகுவத்தியை மின்சாரம் போனாலும் நீங்கள் ஏற்றவில்லை. அண்ணன் என் கடைக்கு வருவது உங்களுக்குக் கசந்தது. சலவைக்கூடத்தில் நீங்கள் நாள் முழுக்க நின்று சம்பாதிக்கிறீர்கள், நான் உட்கார்ந்த இடத்தில் முதலாளி ஆகிவிட்டேன் என்ற எரிச்சல் என்று அப்போதே எனக்குப் பட்டது. அண்ணனிடம் சொன்னேன். "அப்படியெல்லாம் இல்ல பாப்பா, அவளுக்கு வேலை" என்றார்.

இப்போது அவர் இல்லை. என்னை மடக்க ஒரு பொய் போதும் என்று நினைத்துவிட்டீர்கள்.

உங்கள் மீது கோபம் கூட முழுசாக வரவில்லை. எழுதும்போதே ஆறிப்போகிறது. ஆனால் இருபதாம் தேதி முன்பணம் கொடுக்கிறேன். ஓட்டல்காரரை நானே விசாரித்துக் கண்டுபிடிக்கிறேன். ஊரில் எத்தனை ஓட்டல் இருந்துவிடும்?

பாப்பா

மார்ச் 14

பாப்பாவுக்கு,

நீ ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்க வேண்டாம். இதை எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன். உன் கடிதம் கையிலே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேனா, நல்லதுக்கு எழுதுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் இருக்கும்.

போன மாதக் கடைசியில் பரணை இறக்கினேன். ஆஸ்பத்திரி வார்டு பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். மேலே ஏறியவன், "என்னக்கா, மேல எல்லாம் ஒரே பெட்டியா இருக்கு, பொணமா கனக்குது" என்றான். இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தது. கூடம் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு மையில் "உடையும், கவனம்" என்று உன் எழுத்து.

திறந்தேன். மெழுகுவத்தி. ஓட்டுக்குக் கீழே மூன்று வெயில்காலம் கிடந்திருக்கிறது. நேராக ஒன்றுகூட இல்லை. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, ஒட்டி, பெட்டியின் வடிவத்துக்கே ஆகிவிட்டன. திரிகள் மட்டும் வரிசை மாறாமல் இருந்தன.

எனக்கு அப்போது புரியவில்லை. உன் அண்ணனோடு வேன் ஓட்டினாரே, மீசை, அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். கூடத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மீசை, இது எந்த ஓட்டலுக்குப் போகவேண்டிய சரக்கு?" என்றேன்.

"ஓட்டலா? ஓட்டலும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணி. உங்ககிட்ட சொல்லலையா அவரு?"

"எங்கிட்ட என்ன சொன்னாரு, உங்ககிட்ட என்ன சொன்னாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? உள்ள வந்து சொல்லுங்க."

உட்கார்ந்து சொன்னார். ஓட்டல் என்று ஒன்று கிடையாது. பகல் வேலை முடிந்ததும் உன் அண்ணன் காய்கறிச் சந்தைக்குத் தனியாக வேன் ஓட்டியிருக்கிறார். அதில் வந்தது பத்தாமல் சம்பளத்திலிருந்தும் எடுத்திருக்கிறார். அதுதான் ஓட்டல்காரரின் பணம். பெட்டிகளை நாள்கணக்கில் வண்டியிலேயே வைத்துச் சுற்றிவிட்டு, நான் பகல் வேலையில் இருக்கும் நேரம் பார்த்துப் பரணில் ஏற்றியிருக்கிறார். மீசைதான் கீழேயிருந்து எடுத்துக் கொடுப்பாராம். "'பாப்பா இப்பதான் எந்திரிச்சு நிக்குது, கொஞ்ச நாளைக்கு'ன்னு சொன்னாரு அண்ணி. அந்தக் கொஞ்ச நாளு இழுத்துக்கிட்டே போயிடுச்சு" என்றார்.

உன் கணக்கில் பிசகு இல்லை, பாப்பா. கணக்கெல்லாம் சரிதான். வாங்கிய ஆள்தான் இல்லை.

இனி எனக்கானது. நீ கேட்டாயே, ஏன் கல் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள் என்று. அந்த மூன்று வருடமும் அவர் வீட்டுக்குக் கொடுத்தது குறைந்துகொண்டே வந்தது. சாயங்காலம் வீட்டில் இல்லை. கேட்டால், "வேலை". சட்டையில் உன் ரோஜா வாசனை மெழுகு மாதிரி ஏதோ வாசனை. உன் கடைக்கு மாதம் ஒருமுறைதான் போகிறார் என்று எனக்குத் தெரியும், பிறகு எதற்கு வாரம் முழுக்க அந்த வாசனை? வேறு யாரோ இருக்கிறாள் என்று முடிவு செய்தேன். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. பேசுவதை நிறுத்தினேன். சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதும் அவர் விரிப்பை மாற்றினேன், முகம் பார்த்துப் பேசவில்லை. அவள் வந்து பார்க்கட்டுமே என்று இருந்தேன். யார் யார் வருகிறார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாவு வீட்டிலும் அதே வேலைதான், வந்த ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருடம் தேடிய அந்தப் பொம்பளை நீதான்.

பெட்டிகளை என்ன செய்வது என்று உன்னைக் கேட்கவில்லை. வார்டு பையன்கள் தூக்கிப் போய்விட்டார்கள்.

அண்ணி

மார்ச் 18

அண்ணி,

கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டுத் துணி துவைத்தேன். பிறகு நாற்பது கணக்கு நோட்டுகளைத் திருத்தினேன். ஒன்றிலும் தப்பாகத் திருத்தவில்லை. அதைத்தான் முதலில் பார்த்துக்கொண்டேன், எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று.

நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எழுதத் தோன்றியது. சொல்லாமல் இருந்திருந்தால் நாளை மறுநாள் என்னிடம் இருப்பதையெல்லாம் கட்டட முதலாளி கையில் கொடுத்திருப்பேன். அப்படியும் ஒரு கடிதத்தில் மூடி மறைக்கப் பார்த்தீர்கள். நான்தான் விடவில்லை.

கடை தொடங்கி முதல் வருடம் முடிந்தபோது நான் மூட நினைத்தேன். அது அண்ணனுக்கு மட்டும் தெரியும். அச்சுகளை விற்கக்கூட ஆள் பார்த்துவிட்டேன். அந்த வாரம்தான், "பாப்பா, ஒரு ஓட்டல் மாட்டியிருக்கு" என்று வந்து நின்றார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. இவ்வளவு நெட்டையான மெழுகுவத்தியை வேறு யார் வாங்குவார்கள் என்று பெருமைப்பட்டேன். அன்று மூடியிருந்தால் அந்த வருடமே பள்ளிக்கூடத்துக்கு வந்திருப்பேன். நிரந்தரமும் ஆகியிருப்பேன். நட்டப்படக்கூட எனக்கு விடவில்லை அவர். இதை எழுதினால் நன்றி கெட்டவள் மாதிரி இருக்கிறது. எழுதாவிட்டால் பொய்யாக இருக்கிறது.

ஓட்டல்காரரை எடுத்துவிட்டு மூன்று வருடக் கணக்கையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். மூன்று மாதத்தில் மட்டும் லாபம் இருந்தது. மழைக்காலம், மின்சாரம் அடிக்கடிப் போன மாதங்கள்.

உங்களைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான்தான் உள்ளே வந்தேன். உங்களைக் கல் என்றேன்.

பாப்பா

மார்ச் 25

பாப்பாவுக்கு,

மன்னிப்பு மாதிரி எதையும் எழுதாததற்குச் சந்தோஷம். எழுதியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது எழுத வேண்டி வரும். இரண்டு பேருக்கும் அது வராது.

புது அறைக்கு வந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் சலவைக்கூடத்துப் புகைபோக்கி. விடுமுறை நாளிலும் வேலைக்கு வந்த மாதிரியே இருக்கிறது.

ஒன்று கேட்கவேண்டும். நான் அவரிடம் பேசாமல் இருந்த காலத்தில் அவர் உன்னிடம்தான் பேசியிருப்பார். பெட்டி எடுக்க வரும்போது என்ன பேசுவார்? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? நான் பேசாமல் இருப்பதைப் பற்றியாவது? வருத்தப்பட்டாரா, திட்டினாரா, எதுவாக இருந்தாலும் எழுது. திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

உனக்கு ஞாபகம் இல்லாவிட்டால் யோசித்துப் பார்த்து எழுது. அவசரம் இல்லை. இருந்தாலும் சீக்கிரம் எழுது.

அண்ணி

ஏப்ரல் 2

அண்ணி,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பெரிய டீச்சரிடம் நிரந்தர இடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். "கடை எடுக்கப் போறதா கேள்விப்பட்டேனே, என்னாச்சு?" என்றார். "என் கடை ஓடலை" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு அவர் மேசையில் இருந்த பேனா ஸ்டாண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர், "உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். எனக்குத் தாகம் இல்லை, ஆனாலும் குடித்தேன்.

வகுப்பில் மறுபடி கடை போட்டோம். இந்தத் தடவை கறாரான விதிகள். சொந்தக்காரர் யாரும் வாங்கக் கூடாது. டீச்சர்கள் வாங்கக் கூடாது. பிழிகிற கைக்குக் கூலி அடக்கத்தில் உண்டு. பள்ளிக்கூட வாசலில், தெருவில் போகிறவர்களுக்கு மட்டும்தான் விற்பனை. போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பதினோரு கோப்பைதான் விற்றது. ஒரு குழந்தை அழுதது. அதன் அம்மா காசோடு வந்தார். "வேண்டாம்மா, குடுக்காதீங்க" என்றேன்.

"என்ன டீச்சர், பச்சைக் குழந்தைங்களை வெயில்ல நிக்க வெச்சு நட்டம் காட்டுறீங்க? நாலு காசு நான் குடுத்தா என்ன குறைஞ்சுடும்?"

"ஒண்ணும் குறையாதும்மா. அதுங்களுக்குத் தெரியாமப் போயிடும்."

அவருக்குப் பிடிக்கவில்லை. பெரிய டீச்சரிடம் புகார் போனது. என்னைக் கூப்பிட்டு, "நிரந்தரம்னு எழுதிக் குடுத்த மை இன்னும் காயலைங்க" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

மறுநாள் கரும்பலகையில் நட்டம் என்று எழுதினேன். யாரும் கைதட்டவில்லை. நான் பழைய கணக்கையும் எடுத்தேன். போன தடவை நீ கேட்டது சரி, நான்தான் தப்பாகச் சொன்னேன், அது லாபம் இல்லை என்று குட்டி வக்கீலைப் பார்த்துச் சொன்னேன். அவள் ஜெயித்த மாதிரி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப எங்கப்பா காசை என்ன கணக்குல எழுதறது டீச்சர்?" என்றாள். "லாபத்துல எழுத முடியாது. தனியா எழுதிக்கலாம்" என்றேன். "தனியான்னா என்ன பேர் போட்டு?" என்றாள். மணி அடித்துவிட்டது. அடிக்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது உங்கள் கேள்வி.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு பதில் தயாராக இருக்கிறது. அழகான பதில். "அவ பேசாம இருக்கா பாப்பா, எனக்கு வீட்டுக்குப் போகவே மனசு கேக்கல, ஆனா அவ மேல தப்பு இல்ல" என்று அண்ணன் சொன்னதாக எழுதலாம் என்று இருந்தேன். அவர் குரலிலேயே எனக்கு வந்துவிட்டது. நீங்கள் நம்பியிருப்பீர்கள். நானும் கொஞ்ச நாளில் நம்பியிருப்பேன்.

அவர் அப்படிச் சொல்லவில்லை, அண்ணி. உங்களைப் பற்றி எதுவும் பேசவில்லை. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. டயர் தேய்ந்துவிட்டது என்பார். சந்தைத் தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்பார். என் மெழுகுவத்தியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "நேரா இருக்கு பாப்பா" என்பார். அவ்வளவுதான் பேச்சு. நான் உங்களைப் பற்றிக் கேட்டாலும், "இருக்கா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்குவார். வருத்தமா, கோபமா என்று முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அவர் கொண்டுவந்த பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. இருப்பதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

பாப்பா